கல்யாணக் கனவு ஆகாது

தலைவருக்குக் கல்யாணம் நடப்பதாகக் கனவு கண்டதற்காக என் அத்தானைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

அத்தான் என்றால் என் அக்கா முப்புடாதியின் புருஷன். பெயர் சிவனணைந்தான். கட்சியில் பதவி கிதவி எதுவும் கிடையாது. கொடி கட்டுவார், கூட்டத்துக்கு ஆள் கூட்டிப்போவார், தலைவரை யாராவது ஒரு சொல் சொன்னால் சண்டைக்கு நிற்பார். தாலி கட்டும்போதுகூடப் பட்டு வேட்டி வேண்டாம் என்று கட்சிக்கரை வேட்டியோடு உட்கார்ந்த மனுஷன். அந்தக் குறை அக்காவுக்கு இன்றுவரை தீரவில்லை.

அன்று காலை டீக்கடையில் நின்று கனவை ஊருக்கே பந்தி வைத்தார். எழுபத்துமூன்று வயசுத் தலைவர் மீசை கறுத்து, மாலையும் கழுத்துமாக மணமேடையில் இருக்கிறார். பந்தல் நீண்டு நீண்டு கண்மாய்வரை போகிறது. கண்மாய்த் தண்ணீர்மேலேயே இலை போட்டிருக்கிறார்கள், ஓர் இலைகூட முங்கவில்லை. அத்தான் பாயச வாளியோடு தண்ணீர்மேல் நடந்து போய் ஒவ்வோர் இலைக்கும் ஊற்றுகிறார். வாளி குறையவே இல்லை. "பொண்ணு யாருய்யா?" என்று டீ ஆற்றுகிறவர் கேட்டிருக்கிறார். "அது தெரியலவே. பொண்ணு மொகத்துல வெளிச்சமா இருந்துச்சு" என்றாராம் அத்தான்.

எங்கள் ஊரில் இப்போது கண்மாய் இல்லை. தலைவரின் ஆட்சியில் அதை மூடித்தான் நித்திலம் கம்பெனியின் கட்டடம் வந்தது. கனவில் மட்டும் தண்ணீர் கிடந்திருக்கிறது.

பதினோரு மணிக்கு வெளிர்பச்சை வேன் வந்தது. இறங்கியவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். "ஐயா, உங்க தலையணை சிவப்பு காட்டுது. தலைவர்மேல உங்களுக்குப் பகைமனசு இருக்கு. ஒரு மண்டலம் எங்ககூட இருந்து குணமாகிட்டு வாங்க" என்றார்கள். அத்தான் சிரித்துவிட்டார். யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்தார். வேனின் கதவைச் சாத்தியபோதும் அவர் சிரித்துக்கொண்டுதான் இருந்தார் என்று அக்கா சொல்லி அழுதாள்.

"ஏட்டி சத்தி, நீ அந்தக் கம்பெனியில மூணு வருசம் குப்ப கொட்டுனவல்லா? போய்க் கேளுட்டி. அவரு தலைவருக்குப் பகையா? இதக் கேட்டா நாய்கூடச் சிரிக்கும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கனவு என்ன என்று கேட்ட நிமிஷமே எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது. அத்தானைப் பிடித்துக் கொடுத்தது நான்தான்.

தலையணையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அரசு கொடுத்த விலையில்லாத் தலையணை அது. நல்லுறக்கத் திட்டம் என்று பெயர். ஆளுக்கு ஒன்று. ஒரு பக்கம் தலைவர் படம். முகத்தின்மேல் தலை வைப்பது மரியாதையா என்று சட்டசபையில் ஒருநாள் முழுக்கச் சண்டை நடந்து, படம் கீழ்ப்பக்கம் இருக்க வேண்டும் என்று அரசாணையே போட்டார்கள். தலையணைக்குள் நித்திலம் கம்பெனியின் ஏதோ ஒரு சில்லு. தூங்குகிறவர் காணும் கனவை அது படமாக்கி அனுப்பிவிடும். நோய்நொடியை முன்கூட்டியே கண்டுபிடிக்க என்றார்கள். எங்கள் சனம் எந்தப் புதுச்சாமானையும் உடனே எடுத்துப் புழங்கிவிடுமா? பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமல் விருந்தாளிக்கென்று பரணில் போட்டது. அப்புறம்தான் ரேஷன் அட்டையோடு இணைத்தார்கள். மூன்று நாள் தலை வைக்காவிட்டால் அரிசி கிடையாது. உறையெல்லாம் ஒரே வாரத்தில் பிரிந்தது.

கனவைப் படம் பிடித்தாலும் அது என்ன கனவு என்று எந்திரத்துக்குத் தெரியாது. யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும். அதற்குத்தான் எங்கள் ஊரில் பெண்கள் நாற்பது பேரை வேலைக்கு எடுத்தார்கள். எல்லாருக்கும் மத்தியான ஷிப்ட். குளிர்ந்த ஹால், திரை போட்ட ஜன்னல், வரிசையாக நாற்பது கம்ப்யூட்டர். ஊர் பேர் தெரியாத யாருடைய கனவோ எங்கள் முன்னால் புகைமூட்டமாக ஓடும். கடலுக்கு அடியில் ஒரு டவுன் பஸ் போகும், கண்டக்டர் டிக்கெட்டுக்குப் பதிலாக வேப்பிலை கிள்ளிக் கொடுப்பார். பரீட்சை ஹாலில் மழை பெய்யும். ஒரு வீட்டுக்குள் கதவைத் திறக்கத் திறக்க வேறு வேறு வீடாக வரும், எல்லா வீட்டிலும் அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருக்கும். எது நான் பார்த்த கனவு, எது நான் கண்ட கனவு என்று கொஞ்ச நாளில் குழம்பிப்போனது. அந்த மயக்கம் எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். மற்றவர் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கச் சம்பளமும் கொடுத்தால் யாருக்குத்தான் கசக்கும்?

படம் முடிந்ததும் திரையில் ஒரு கேள்வி வரும். 'இந்தக் கனவு இதில் தெரிபவருக்கு நல்லதா, கெட்டதா?' நல்லது என்றால் பச்சைப் பொத்தான். கெட்டது என்றால் சிவப்பு.

முதல் நாள் எனக்கு வந்தது ஒரு சாவு. நடுவீட்டில் ஒரு பெரியவரைக் கிடத்தியிருக்கிறார்கள், தலைமாட்டில் விளக்கு எரிகிறது. என் விரல் சிவப்புக்குப் போனது. பக்கத்து நாற்காலியில் இருந்த ஹெப்சிபா அக்கா என் கையைத் தட்டிவிட்டாள். அவள்தான் எங்கள் குழுவுக்கு லீடர்.

"ஏ பிள்ள, என்ன செய்யுத? செத்த மாதிரி கனவு வந்தா அவ்வொளுக்கு ஆயுசு கெட்டில்லா? பச்சைய அழுத்து."

"ஆமாக்கா. எங்க வீட்லயும் அப்படித்தான் சொல்லுவாவ" என்று பச்சையை அழுத்தினேன்.

அடுத்தது கல்யாணம். நாதஸ்வரம், மாலை, சிரிப்பு. ஹால் முழுக்க 'ச்சு' கொட்டியது. கல்யாணக் கனவு கண்டால் இழவு விழும் என்பது யாருக்குத் தெரியாது? நாற்பது பேரும் சிவப்பை அழுத்தினோம். பாம்பு கொத்தினால் பீடை விட்டது, பச்சை. பந்தியில் உட்கார்ந்து பலகாரம் தின்றால் நோய் வரும், சிவப்பு. கேட்டதற்கு உண்மையான பதிலைத்தான் சொன்னோம். கோவிலுக்குப் போகிறவளும் சர்ச்சுக்குப் போகிறவளும் பள்ளிவாசல் தெருப் பிள்ளைகளும் இந்த ஒரு விஷயத்தில் ஒத்துப்போனோம். கேள்வியை எழுதியவன் மனசில் வேறு என்னவோ இருந்திருக்கிறது. அவனும் எங்களிடம் கேட்கவில்லை, நாங்களும் அவனிடம் கேட்கவில்லை.

மூன்று வருஷத்தில் எந்திரம் படித்துத் தேறிவிட்டது. எங்களுக்கு ஆளுக்கொரு சுவர்க்கடிகாரம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் ஜெராக்ஸ் கடை வைத்தேன். அப்புறம்தான் அரசு புதுச்சட்டம் கொண்டுவந்தது. தலைவர் முகம் தெரிகிற கனவுகளை மட்டும் தனியாகப் பிரித்து, காண்கிறவன் மனசில் அன்பா பகையா என்று எந்திரத்தையே கேட்டார்கள். நாங்கள் சொல்லிக்கொடுத்ததை அது ஒப்பித்தது.

அத்தானைக் கொண்டுபோன மறுநாள் ஹெப்சிபா அக்கா வீட்டுக்கு ஓடினேன். அவள் வடகத்துக்குக் கூழ் கிண்டிக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடித்ததும் கரண்டியை அப்படியே விட்டுவிட்டாள்.

"கர்த்தாவே" என்றாள். "அப்ப நம்ம சொன்னதத்தான் அது நம்பிக்கிட்டு இருக்கா?"

"நான் போய்ச் சொல்லிருதேன்க்கா. தப்பா சொல்லிக்குடுத்துட்டோம், திருப்பிப் போடுங்கன்னு. அத்தான விட்ருவாவல்லா?"

"விட்ருவாவ." அடுப்பைத் தணித்தாள். "சத்தி, ஒண்ணு கேக்கேன், உள்ளதச் சொல்லு. உனக்குத் தலைவரு கனவுல வந்திருக்காரா?"

நான் கரண்டியை எடுத்துக் கூழைக் கிண்டினேன். வந்திருக்கிறார். கண்மாயை மூடிய வருஷத்திலிருந்தே வருகிறார். பாடையில்தான் வருவார்.

"எனக்குப் பெட்டியில வாராரு" என்றாள் ஹெப்சிபா அக்கா. "வாரா வாரம். நான்தான் ஆணி அடிக்கேன்."

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பிறகு அவள் மெதுவாகச் சொன்னாள், "பாத்து நடந்துக்கோ பிள்ள."

முப்புடாதி அக்காவைச் சமாதானப்படுத்தவாவது போக வேண்டும் என்று கம்பெனிக்குப் போனேன். எங்கள் பழைய மேலாளர் பிரணவ் சார் சென்னைக்காரர், நல்ல மனுஷன்தான். என்னை அடையாளம் தெரிந்து உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார்.

"உங்க ரிலேட்டிவ் விஷயம் கேள்விப்பட்டேம்மா. கவலைப்படாதீங்க, அங்க நல்லா பாத்துப்பாங்க. மெஷின் தப்பு பண்ணாது. நீங்கள்லாம் கத்துக்குடுத்ததாச்சே!"

"சார், அவரு என்ன கனவு கண்டாருன்னு யாராவது பாத்தியளா?"

"ஐயையோ, பாக்கவே கூடாது. இப்போ தனியுரிமைச் சட்டம் வந்திருக்கில்ல? எந்த மனுஷனும் இன்னொரு மனுஷனோட கனவைப் பாக்கக் கூடாது. மெஷின் மட்டும்தான் பாக்கும். எங்களுக்குக் கலர்தான் வரும். பச்சை, சிவப்பு, அவ்வளவுதான். அந்த விஷயத்துல நாங்க ரொம்ப ஸ்ட்ரிக்ட்."

அவருக்கு அதில் ஒரு பெருமை. எழுந்து சுவரில் இருந்த பெரிய திரையைப் போட்டார். மாநில வரைபடம். எங்கள் மாவட்டம் முழுக்க இளம் நாற்றுப் பச்சையாக இருந்தது.

"பாருங்க. ஸ்டேட்லயே உங்க மாவட்டம்தான் நம்பர் ஒன். எட்டு லட்சம் தலையணை. தலைவர் வர்ற கனவுல கிட்டத்தட்ட நூத்துக்கு நூறு பச்சை! இவ்ளோ அன்பை நான் எங்கயும் பாத்ததில்லம்மா. தலைவரே கேட்டாராம், அந்த ஊர்ல அப்படி என்னய்யா செஞ்சேன்னு. சிவப்பு மொத்தம் நாப்பத்தோரு பேர்தான். அதுல வேடிக்கை என்னன்னா, முப்பத்தஞ்சு பேர் சொந்தக் கட்சிக்காரங்க. உட்பகைதான் பெரிய பகைன்னு மேலிடத்துல சொல்றாங்க."

நான் அந்தப் பச்சையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எட்டு லட்சம் தலையணை. படுத்திருக்கும் முகங்கள் எல்லாம் எனக்குத் தெரிந்த முகங்கள். ரேஷன் கடைக்காரர், பஸ் ஸ்டாண்டில் பூக்கட்டுகிறவள், பள்ளிக்கூட வாத்தியார், தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும் பிள்ளைகள். ஒவ்வொருவரும் கண்ணை மூடிக்கொண்டு தலைவரைப் பாடையில் தூக்கிப்போகிறார்கள். தாரை தப்பட்டை இல்லை, வேட்டு இல்லை. ஊர் முழுக்க ஒரே ஊர்வலம், அது விடியும்வரை மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கிறது. காலையில் எழுந்து பல் துலக்கிவிட்டு எதுவுமே நடக்காதது போல வேலைக்குப் போகிறார்கள்.

"ஏதோ சொல்ல வந்தீங்களே?" என்றார் பிரணவ் சார்.

ஒரே ஒரு வார்த்தை போதும். எந்திரத்தில் பச்சையையும் சிவப்பையும் இடம் மாற்றிவிடுவார்கள். அத்தான் அன்று மாலையே வீட்டுக்கு வந்துவிடுவார். அவரை ஏற்றிவந்த வேன் திரும்பிப் போகும்போது ஹெப்சிபா அக்காவை ஏற்றிக்கொள்ளும். பூக்காரியை ஏற்றிக்கொள்ளும். என்னையும்தான். எட்டு லட்சம் பேருக்கு எத்தனை வேன் வேண்டும்?

"டீ நல்லா இருக்கு சார்" என்றேன்.

அவ்வளவுதான் நான் செய்தது. அக்காவிடம் போய், "மேலிடத்துல பேசணுமாம், நேரம் ஆகுமாம்" என்று பொய் சொன்னேன். என் கூடப்பிறந்தவளின் கண்ணைப் பார்த்துச் சொன்னேன்.

பத்தாம் நாள் வியாழக்கிழமை அத்தானைப் பார்க்க விட்டார்கள். கோவில்பட்டி ரோட்டில் பழைய மில் ஒன்றை மனநல மனை ஆக்கியிருந்தார்கள். சுவரெல்லாம் வெளிர்பச்சை. ஒரு நாளைக்கு மூன்று வேளை சாப்பாடு, மூன்று வேளை தூக்கம். அத்தான் மெலிந்திருந்தார். அவருடைய கரை வேட்டியை வாங்கிக்கொண்டு வெள்ளைப் பைஜாமா கொடுத்திருந்தார்கள். அக்கா பழம் வாங்க கேன்டீனுக்குப் போனாள்.

"தலைவருக்கு இது தெரியாது சத்தி. தெரிஞ்சா விடுவாரா? நேத்து மத்தியானம்கூடக் கனவுல வந்தாரு. என் தோள்ல கைய போட்டு, 'அணைஞ்சான், வாய்யா சாப்பிடலாம்'னாரு. தங்கத் தட்டுல சோறு. எந்திச்சா, மறுபடியும் சிவப்புன்னுட்டாவ."

சோறும் தங்கமும்! இரண்டுமே நாங்கள் சிவப்புக் குத்தியவை. கூரையில் ஒலிவாங்கி தொங்கியது. என்னால் ஆனமட்டும் குரலைத் தாழ்த்திச் சொன்னேன், "அத்தான், நல்லதா கனவு காணாதீங்க."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "நானா காணுதேன்? அதுவால்லா வருது."

அதற்குமேல் நான் என்ன சொல்ல? ஒரு மனுஷனிடம் போய், உன் அன்பைக் கொன்றுவிடு, உடனே விட்டுவிடுவார்கள் என்று சொல்ல முடியுமா? சொன்னாலும் அவரால் முடியுமா? அடுத்த வியாழன் அவர் குறைவாகப் பேசினார். அதற்கடுத்த வியாழன் தலைவர் பெயரையே சொல்லவில்லை. "அவருக்கு ஏழு மனு எழுதிப் போட்டேன், ஒண்ணுக்கும் பதிலில்ல" என்று மட்டும் சொன்னார். அக்கா வெளியே வந்து, "மனுசன் கண்ணுல ஆளே இல்லட்டி" என்றாள்.

முப்பத்தெட்டாம் நாள் விட்டுவிட்டார்கள். பூரண குணம் என்று முத்திரை குத்திய சான்றிதழோடு, அதே வேனில், அதே மரியாதையோடு வந்து இறங்கினார். அக்கா ஆரத்தி எடுத்தாள். தெருவில் எல்லாரும் வந்து பார்த்தார்கள். அத்தான் வீட்டுக்குள் போய்த் தலைவர் படத்தைக் கழற்றி, உடைக்காமல், தூசி தட்டி, சுவரைப் பார்த்தபடி சாய்த்து வைத்தார். லுங்கி கட்டிக்கொண்டார்.

நாலு மணிக்கு என் கடைக்கு வந்தார். கடையில் யாரும் இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, தரையைப் பார்த்தபடியே பேசினார்.

"சத்தி, என்னைய எதுக்கு விட்டாவன்னு தெரியல. முப்பத்தாறாம் நாளு ஒரு கனவு. அவரு பாடையில கெடக்காரு. முன்னால நான்தான் தூக்குதேன். வெயிட்டே இல்ல. எனக்கு அழுகையும் வரல. ஒரு கல்லத் தூக்கி அங்கிட்டு வெக்கிற மாதிரி கொண்டு போறேன். முழிச்சுப் பாத்தா நர்சு வந்து கைகுலுக்குதா. டாக்டரு லட்டு குடுக்காரு. குணமாயிட்டன்னு." நிமிர்ந்தார். "முப்பது வருசம் உசுரா இருந்தேனே, அப்பப் பகைன்னாவ. இப்ப உள்ள ஒண்ணுமே இல்ல. இதப் போயி அன்புங்காவ. எனக்குப் புத்தி கெட்டுப்போச்சாட்டி?"

அந்தக் கேள்வியை என்னால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பச்சைப் பொத்தான், சிவப்புப் பொத்தான், ஹெப்சிபா அக்கா தட்டிவிட்ட கை, வரைபடம், டீ. பிரணவ் சார் கேட்டபோது நான் வாயை மூடிக்கொண்டது வரை. "ஊரையே அள்ளிட்டுப் போயிருவாவ அத்தான். அதான் உங்களக் கைவிட்டுட்டேன்" என்று சொல்லி அழுதேன்.

அவர் முழுக்கக் கேட்டார். கோபப்படவில்லை. எழுந்து, ஸ்டூலை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனார். அவர் திட்டியிருந்தால் எனக்கு அன்று சோறு இறங்கியிருக்கும்.

மறுநாள் காலை நான் ஷட்டரைத் தூக்கும்போதே வாசலில் நின்றார். முகம் தெளிவாக இருந்தது.

"ராத்திரி உன்னையக் கனவுல கண்டேன், சத்தி."

"என்ன கனவு அத்தான்?"

"செத்துக் கெடந்த. மூக்குல பஞ்சு வெச்சிருந்தாவ. ஊரே கூடி நிக்கி. மொத மாலைய நான்தான் போட்டேன்."

மூன்று வருஷத்தில் இரண்டு லட்சம் கனவுக்காவது பொத்தான் அழுத்தியிருப்பேன். ஒன்றுக்குக்கூட விரல் தயங்கியதில்லை. இந்தக் கனவுக்கு எந்தப் பொத்தான் என்று தெரியவில்லை. எங்கள் வழக்கப்படி பார்த்தால் நான் நூறு வயசு இருக்க வேண்டும் என்று அவர் மனசு வாழ்த்துகிறது. வழக்கத்தைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் வேறு.

"நல்ல கனவுதான" என்றேன்.

அவர் சட்டைப்பையிலிருந்து சான்றிதழை எடுத்து நீட்டி, "இதுல ரெண்டு காப்பி எடு, ரேஷன்ல கேக்காவ" என்றார். எடுத்துக் கொடுத்தேன். தாளின் சூடு ஆறும்வரை கையிலேயே வைத்திருந்துவிட்டு மடித்துக்கொண்டு போனார்.

இப்போதும் தினம் கடைக்கு வருகிறார், பேப்பர் படிக்கிறார், அக்கா கொடுத்துவிட்ட குழம்பைக் கொண்டுவந்து வைக்கிறார். அந்தக் கனவு அன்பா பகையா என்று கேட்க எனக்கு இன்னும் வாய் வரவில்லை.